பதினோராம் பத்தி

சேமநிதிக் கவுண்டர்ப் பெண்
அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தாள்.
ரேகை சரி. ஆளும் சரி.
"பணம் எடுக்கச் சம்மதமா, அங்கிள்?"
அவர் அவளுடைய தூடோங்கில் குத்தியிருந்த
பச்சைக்கல் ஊசியைப் பார்த்துச் சிரித்தார்.
சம்மதம் சொல்லத் தெரியாதவர் பணத்தை
மனைவியானாலும் தொடமுடியாதாம்.
"கோர்ட்டுக்குப் போங்கக்கா."

போனேன்.
பகாவிலிருந்து சிரம்பானுக்கு, கோலப்பிலா வழியாக,
புக்கிட் பூத்துஸ் வளைவுகளில் வாந்தி வராமலிருக்க
அவர் வாயில் ஆசாம் ஒன்று,
என் மடியில் கோப்பு.
பதினான்கு மாதத்தில் ஒன்பது தடவை.

"அவரால் என்னென்ன முடியாது, சொல்லுங்க" என்றார் மிஸ் ஹர்ஜித்.
"ஒளிக்காமல் சொல்லணும்."

ஒளித்தே பழகியவள் நான்.
செம்பனைக் காட்டு ரோட்டில்
அவர் மோட்டாருக்குக் குறுக்கே பன்றி ஓடிய அந்த இரவிலிருந்து
நாலு வருஷமாய் அதுதான் என் வேலை.
தீமிதியன்று கூட்டத்தில் அழுதார்:
வெயில் ஒத்துக்கல என்றேன்.
கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் கைவைத்தார்:
கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டார் என்றேன்.

அன்று ஏசி அறையில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்க் காட்டிக்கொடுத்தேன்.
ஐந்து ரிங்கிட் எது, ஐம்பது எது, தெரியாது.
அடுப்பை மூட்டத் தெரியும், அணைக்கத் தெரியாது.
மகளை என் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.
என்னைக் கூப்பிடுவதில்லை.
தெய்வீகன் த/பெ சின்னக்கருப்பன்
இரண்டாம் பக்கத்திலேயே
'மேற்படி நபர்' ஆகிவிட்டார்.

பத்துப் பத்தி. பத்தும் சத்தியம்.
பதினோராவதாக ஒன்று போடச் சொன்னேன்:

ஆலையில் இருபத்திரண்டு வருஷம்
குலை லாரிகளுக்கு எடை எழுதியவர் இவர்.
இப்போதும் தாமான் முன்னால் லாரி போனால்
கண்ணைச் சுருக்கி
"எட்டே முக்கால் டன்" என்பார்.
ஒருநாள் ஓடிப்போய் டிரைவரை நிறுத்திச் சீட்டைக் கேட்டேன்.
எட்டு புள்ளி ஏழு இரண்டு.

மிஸ் ஹர்ஜித் பேனாவை மூடினார், திறந்தார்.
"அக்கா, இது நமக்கே எதிர்சாட்சி."
கோடு போட்டார்.
பன்னிரண்டு, பதினொன்றானது.

அவருடைய அண்ணன் கையெழுத்தும் வேண்டுமாம்.
மாமியார் கருமாதியோடு பேச்சு நின்றவர்.
பாசிர் கூடாங் வரை போனேன்.
கேட்டருகிலேயே, கார் பானெட்டின் மேல் வைத்து,
படிக்காமல் போட்டார்.
உள்ளே வா என்று சொல்லவில்லை.
திரும்பும்போதுதான் கேட்டார்,
"இன்னும் கத்திரிக்காயப் பொறுக்கி வைக்கிறானா?"

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.
மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்:
"ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
எத்தனையோ கேள்விகளுக்கு
இப்படித்தான் பார்த்திருக்கிறார்.
சொல்லியிருக்கிறேன்.
அன்று சொல்லக்கூடாது. சொன்னால் தோற்போம்.
நாக்கைக் கடித்துக்கொண்டு
தரையிலிருந்த மின்விசிறி நிழலைப் பார்த்தேன்.
அவர் காத்திருந்தார்.
நீதிபதியும் காத்திருந்தார்.
எவ்வளவு நேரம் என்று உத்தரவில் எழுதவில்லை.

வென்றோம்.
சிவப்பு முத்திரை, ஆறு பக்கம்.
இனி அவர் வீடு, அவர் பணம், அவர் ஊசி மருந்து எல்லாவற்றுக்கும்
கோமளா என்று நான் போட்டால் போதும்.

பகாவ் பஸ் நிலையத்தில் இறங்கும்போது மழை விட்டிருந்தது.
சாலையில் குலை லாரி ஒன்று, தார்ப்பாய் இல்லாமல்,
சொட்டச் சொட்டப் போனது.
அவர் நின்றார். கண்ணைச் சுருக்கினார்.
"ஒம்பது டன். தண்ணிய கழிக்கணும்."
பிறகு என்னிடம், கொஞ்சம் கோபமாக,
"எழுது."

உத்தரவு இருந்த உறையின் பின்பக்கம்
எழுதினேன்.
வாங்கிப் பார்த்தார்.
"தேதி போடல?"

சொன்னேன்.
கிழமையும் சேர்த்துச் சொன்னேன்.