நிலக்கரிக் கணக்கு

ஹோவ்து கணித ஆய்வகத்தில்
இருபத்தாறு ஆண்டுகள் நான் கணக்கர்.
கணிதம் தெரியாது. கூட்டத் தெரியும்,
அதுவும் கரி மூட்டைகளை.

இயக்குநர் டூலம்சுரேன் வெள்ளியன்று ஓய்வு பெற்றார்.
அவர் மேசையை ஒழித்துத் தரச் சொன்னார்கள்.

முதல் இழுப்பறையில் விண்ணப்பங்களின் நகல்:
ஆய்விதழ் கேட்டு, சுண்ணக்கட்டி கேட்டு,
பனியில் வெடிக்காத குழாய் கேட்டு.
இரண்டாவதில் உலான்பாதரிலிருந்து வந்த பதில்கள்.
பதில் ஒன்றேதான். ஆட்சி மாறிய ஆண்டில்
முத்திரை மட்டும் மாறியிருக்கிறது.

கட்டடம் வருமுன் இங்கே ஒரு கம்பளிக் கூடாரம்.
வட்டச் சுவரில் கரும்பலகை நிற்காது,
யாராவது பின்னால் நின்று பிடிக்க வேண்டும்.
பிடிக்கிறவனுக்குப் பாடம் தெரியாது,
ஆகவே முறை வைத்துப் பிடித்தார்கள்.
அவருக்கும் முறை உண்டு.
அன்றைக்கு ஒரு மாணவி வடிவியல் நடத்தினாள்;
பலகைக்கு மேலே இயக்குநரின்
எட்டு விரல்கள் மட்டும் தெரிந்தன.

மேய்ச்சல் வீட்டுப் பையன் ஒருவனைக் கேட்டார்:
முந்நூறு ஆட்டை எப்படி எண்ணுகிறாய்?
எண்ணுவதில்லை, என்றான்.
வாசலில் நின்று பார்ப்பேன்,
எது இல்லையென்று தெரியும்.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.
நினைப்பதற்கும் கணக்கிடுவதற்கும்
எங்கள் மொழியிலும் ஒரே சொல்தான்;
எதைச் செய்தாரோ.
அடுத்த வாரம் கம்பளி லாரியில் நான்கு நாள் போய்
அந்தப் பதிலை அமைச்சரிடம் ஒப்பித்து
விடுதிக்கு முப்பது கட்டில் வாங்கிவந்தார்.
மெத்தை இல்லை. கட்டில் மட்டும்.

ஆடுமாடுகள் நின்றபடியே உறைந்த குளிர்காலம்.
சம்பளத்துக்குப் பதில் மாவு வந்தது.
எட்டுப் பேருக்கு ஏழு மூட்டை.
ஏழை உடைக்கக் கூடாது, பகா எண், என்று சிரித்து
பட்டியலில் தன் பெயரை அடித்தார்.
வகுத்தல் சுலபமாயிற்று.

அதே பிப்ரவரியில் ஓர் ஆய்விதழ் எப்படியோ வந்துசேர்ந்தது.
கொதிகலனருகே நின்றபடி படித்தார்.
பதினாறு ஆண்டாக விட்டுவிட்டு அவர் எழுதிய நிரூபணத்தை
க்ராகோவில் யாரோ ஒருவன்
ஒன்பது பக்கத்தில் முடித்திருந்தான்.
"குறுக்கு வழி. நல்ல வழிதான்," என்றார்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"கரி லாரி வந்ததா?"

வரவில்லை.

மூன்றாவது இழுப்பறையில் அந்தத் தாள்கள்.
நாற்பத்தொன்றாம் பக்கத்தின் கடைசி வரி:
இதிலிருந்து எளிதில் பெறலாம்.
அதன் கீழே, அதே மையில்:
கரி பதினான்கு டன். செவ்வாய்க்குள்.

எந்தத் தலைப்பில் வைப்பதென்று தெரியாமல்
எரிபொருள் கோப்பில் வைத்தேன்.

இன்று தணிக்கையாளர் வந்தார்.
பதினொரு அறை, மூன்று அடுப்பு,
இருநூற்று ஆறு நாற்காலி, ஒன்று கால் உடைந்தது.
இருப்பு சரி என்று கையெழுத்திட்டார்.

நான் எண்ணவில்லை.
வாசலில் நின்று பார்த்தேன்.