பஞ்சகல்யாணி

தாமரைக்கரை தாண்டித் தெற்கு மேட்டுக்கு ஜீப் போகாது.
மூன்று வேங்கைகள் பாதையில் விழுந்து
இன்னும் புகைந்துகொண்டிருக்கின்றன.
"குதிரையில போயிருங்க" என்றார் டாக்டர்,
பஸ்ஸைச் சொல்வதுபோல.

அப்படித்தான் வந்தது
அந்தியூர் அர்த்தநாரியின் பெட்டைக் குதிரை.
நாலு காலும் வெள்ளை, நெற்றியில் ஒரு வெள்ளை.
குருநாதசாமி கோயில் சந்தையில்
அந்த ஐந்து வெள்ளைக்காக
முப்பதாயிரம் கூடக் கொடுத்ததை
சேணத்தை இறுக்கும்போது இரண்டு முறை சொன்னார்.
"ராசியான உருப்படிங்க.
சுழி சுத்தம். ஒண்ணும் ஆகாதுங்."

இரு பக்கமும் தண்ணீர்க் கேன்.
என் பையில் ஊசிமருந்து, வேப்பெண்ணெய், மஞ்சள்.
முன்னால் கேத்தன் நடக்கிறான்.
தீத்தடுப்புக் காவலர் என்று முதுகில் எழுதிய பனியன்,
'தீ' இருந்த இடத்தில் ஓட்டை.
பதினோரு ராத்திரி தூங்காதவன்
வளைவுக்கு வளைவு செல்போனைத் தூக்கிப் பார்க்கிறான்.

நீரோடை வரைக்கும் பச்சை.
அப்புறம் கோடு கிழித்ததுபோல் கருப்பு.
குளம்புச் சத்தம் சட்டென்று நின்றுபோக
நான் குனிந்து பார்த்தேன், குதிரை நடக்கிறதா என்று.
நடந்தது.
கணுக்கால் ஆழச் சாம்பலில்
மாவு மூட்டைமேல் பூனைபோல.

கரிந்த தரையெங்கும்
வெள்ளை வெள்ளையாய் நத்தை ஓடுகள்.
இத்தனை நத்தைகள் இந்த மலையில் இருந்ததா?
ஏழு வருஷமாக ஊசி போட வருகிறேன்,
ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.
குதிரை விலகிப் போகவில்லை.
மிதித்தது.
அப்பளம் நொறுங்குவதுபோல
நெடுந்தூரம் கேட்டுக்கொண்டே வந்தது.

மூங்கில் வெடித்துக் கிடந்த புதரடியில்
யாரோ முயலுக்குக் கட்டிய கம்பிச் சுருக்கு,
உருகி வளைந்த பிராந்திப் பாட்டில்.
கரிச்சான் குருவிக்கு மட்டும் நல்ல வேட்டை.

உண்ணிச்செடி மண்டிக் கிடந்தவரை
மேட்டுத் திருப்பத்தில் எதுவும் தெரியாது.
இன்று
கீழே அந்தியூர்ப் பெரிய ஏரி தட்டுப்போல் மின்ன,
அதற்கும் அப்பால் பவானிப் பக்கம் சாயப்பட்டறைப் புகை,
நடுவில் எங்கோ ஒரு நீலப்புள்ளி
எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியாகவும் இருக்கலாம்.
"அட, என்ன அழகு!"
வாயிலிருந்து வந்துவிட்டது.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கேத்தன் திரும்பினான்.
முகத்தில் கோபம் இல்லை.
"ஆமாங் மேடம், இப்ப இங்க டவர் கிடைக்குது."
வீட்டுக்குப் போட்டான்.
அணைஞ்சிருச்சு என்றான்,
சாப்பிட்டாச்சு என்றான்.
இரண்டும் பொய்.

பட்டியில் நாற்பத்திரண்டு மாடுகள் இருந்தன.
புட்டமாதி ராத்திரியே படலைப் பிடுங்கி எறிந்ததால்
முப்பத்தொன்று திரும்பி வந்திருக்கின்றன,
செம்மேனியில் வெள்ளைத் திட்டெல்லாம் புகையேறி,
குளம்பிடுக்கை நக்கிக்கொண்டு.
எந்த மாட்டிலிருந்து தொடங்குவதென்று
நான் நின்ற நேரத்தில்
புட்டமாதி கேனைச் சாய்த்தாள்,
முதல் குண்டா தண்ணீரைக் குதிரைக்கு வைத்தாள்.
பிறகு முந்தானையை நனைத்து
அதன் காலைத் துடைத்தாள்.

முழங்கால்வரை கருப்பு.
முன்னங்கால் ஒன்றில் மட்டும்
துடைத்த இடத்தில் வெள்ளை தெரிந்தது,
வெள்ளைக்கு அடியில் சிவப்பு,
உடைந்த கொப்புளம்.
எந்தக் கிளைக் கங்கில் மிதித்ததோ,
ஒரு அடிகூட நொண்டவில்லையே.

"ஒண்ணும் ஆகாதுங்" என்று சொன்ன மனிதருக்கு
சாயங்காலம் என்ன சொல்வது?
முப்பத்தொன்றுக்கென்று கொண்டுபோன மருந்தில்
முதல் விரல் வேப்பெண்ணெய்
முப்பத்திரண்டாவதற்குப் போனது.

இறங்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
நத்தை ஓடுகளை விட்டு விட்டுக்
கால் வைக்கப் பார்த்தேன்.
முடியவில்லை.
அத்தனை இருந்தன.