ஆர்

காலை ஆறேகாலுக்கு இன்குபேட்டர் கதவைத் திறந்தால்
புளித்த மாவு வாடை.
எண் 118. சீழ், வலது கால்.
தேசப்பன், 46, காசிமேடு.

தட்டுக்கு ஆறு, இரண்டு தட்டு.
மருந்து நனைத்த வட்டுகளை
நேற்று நான்தான் வைத்தேன்,
ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுகிற மாதிரி
இடுக்கியால் ஒவ்வொன்றாக.
மருந்து வேலை செய்தால்
வட்டைச் சுற்றி ஒரு வெறுமை விழும்,
மழை விட்டபின் வண்டியை எடுத்த இடத்தில்
தெரியுமே காய்ந்த தரை, அப்படி.

பதினொன்றில் தரை காயவில்லை.
விளிம்பு வரை முட்டிக்கொண்டு
பால் நிறத்தில், சொகுசாக
வளர்ந்திருக்கிறது.
அளவுகோலே தேவைப்படவில்லை.
மருந்துப் பெயர்களுக்கு எதிரே
ஆர் என்று அடித்துக்கொண்டே வருகிறேன்.
பன்னிரண்டாவதற்கு மட்டும் எஸ்.
அந்த ஊசி எங்கள் ஸ்டோரில் இருப்பு இல்லை.

பூங்காவனம் வருகிறாள்,
புடவை முனையில் ஐஸ் ஈரம்.
"கெளுத்தி முள்ளு குத்திச்சு, அவ்ளோதான்.
மெடிக்கல்ல நாலு மாத்திர குட்த்தான்.
ரெண்டு போட்டாரு, வலி நின்னுச்சு,
கடலுக்குப் பூட்டாரு."
பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டுகிறாள்.
கத்தரித்த அட்டை. பெயர் பாதி.
காலாவதி தேதி
கடைக்காரரிடமே தங்கிவிட்டது.

திட்ட வாய் வரவில்லை.
போன மாதத் தொண்டை வலியில் மிஞ்சிய மூன்று
என் கைப்பையிலும் இருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே
ஹார்பருக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள்,
எண்ணூர் வரை.
ஒவ்வொன்றுக்கும் சீல், சீட்டு, ஸ்கேன்.
இதற்கு ஒரு விரல் போதும்.
ஒரு கட்டில் கம்பி.
கோழிக்குப் போட்டதில் கொஞ்சம்,
இறால் குட்டையில் கொட்டியதில் கொஞ்சம்
கற்றுக்கொண்டு,
கற்றதைப் பக்கத்தில் இருப்பதற்கும்
சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பும்.
பெயர் தெரியாத ஏதோ துறைமுகத்தில்
இந்நேரம் ஒருத்தி
இதே தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
அவள் பாஷையில் உச்சுக் கொட்டுவாள்.

பூங்காவனம் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
"ஆர் ஆர்னு இவ்ளோ போட்டுக்குதே கண்ணு,
ஆரக் கேக்குது?"

டாக்டர் ரூம் இடது பக்கம் என்றேன்.

கை கழுவினேன். இன்னொரு தரமும்.
118-ஐ ஆட்டோகிளேவில் வைத்து
திருகை இறுக்குகிறேன்.
நூற்று இருபத்தோரு டிகிரி நீராவி,
பதினைந்து நிமிடம்.
இதற்கு மட்டும் அது இன்னும் சாகிறது.
இதை ஒரு மனுஷன் காலுக்குள்
ஏற்ற முடியாது.