ஏழு மீட்டர்

சோரியாங்குப்பத்தை நெருங்கியதும்
என் திரையில் ஆறு நின்றுவிடும்.
மஞ்சக்குப்பம் அலுவலகம், இரண்டாம் மாடி,
ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி.
நீலம் வரும், வளையும், திடீரென்று வெள்ளை.
அந்த வெள்ளைக்குப் பெயர் புதுச்சேரி.
அது எங்கள் கோப்பில் இல்லை.

தேசம் முழுவதற்கும் ஒரே வரைபடம் என்று
டெல்லியிலிருந்து சுற்றறிக்கை.
கிணறு, வாய்க்கால், புல எல்லை, மின்கம்பம்,
யாரிடம் இருந்தாலும் எல்லோருக்கும் திறக்க வேண்டும்.
படித்துவிட்டு மேலதிகாரி சொன்னார்:
"நல்ல விஷயம். நம்மளுத மட்டும் கடைசியா ஏத்தலாம்."

அந்தப் பக்கத்து அடுக்கைக் கேட்டு
சித்திரையில் ஒரு கடிதம் போட்டோம்.
செயலகம் போய், சட்டத்துறை போய்,
ஆவணியில் ஒற்றைக் கேள்வியோடு திரும்பி வந்தது:
எதற்காக?
ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.

சவரிநாதனை எனக்குக் குரலாகத்தான் தெரியும்.
புதுச்சேரி நில அளவை, ஓய்வுக்கு இரண்டு வருடம்.
"பிரெஞ்சுக்காரன் நட்ட கல்லும்மா, அசையாது."
எங்களுதும் வெள்ளைக்காரன் கல்தான் சார்,
வேற வெள்ளைக்காரன் என்றேன்.
சிரிப்பு நிற்க நேரமானது.

ஒரு செவ்வாய்க்கிழமை தூறலில்
டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்தார்.
ஆல்பேட்டை சோதனைச்சாவடியில்
பையைத் துழாவி, டிபன் டப்பாவை முகர்ந்து,
பாட்டில் இல்லையென்று விட்டுவிட்டார்களாம்.
பாகூர் கொம்யூன் மொத்தமும்
ஏரி, மதகு, வரப்போடு
சட்டைப்பையில் கிடந்தது.

ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தோம்.
ஒரே ஊருக்கு மூன்று எழுத்துக்கூட்டல்.
அவருக்குக் குழி, எனக்கு சென்ட்.
ஒரு வாய்க்கால் என்னிடம் தெற்கே ஓடியது,
அவரிடம் வடக்கே.
எல்லாம் சரிசெய்தோம். டீ ஆறியது.
எல்லைக்கோடு மட்டும் சேரவில்லை.
எந்தப் புள்ளியைப் பிடித்து இழுத்தாலும்
நடுவில் ஏழு மீட்டர்,
தையல் விட்ட அக்குள் போல.

செயற்கைக்கோள் படத்தை அடியில் விரித்தேன்.
அந்தக் கீற்றுக்குள்
ஒரு தகரக் கூரை மின்னியது.

ஏகவல்லி. மூன்று ஆடு, ஒரு அடிபம்பு.
சுவரில் இடுப்புயரத்தில் போன வருட ஆறு.
ரேஷன் அட்டை தமிழ்நாடு, கரண்ட் பில் புதுச்சேரி,
நிவாரணப் பட்டியல் இரண்டிலும் இல்லை.
"படகு வந்துச்சே," என்றார்.
"அந்தாண்ட நின்னு, இது எங்க லிமிட் இல்லன்னு
கையாட்டிட்டுப் போச்சு.
நானும் கையாட்டினேன்."

ஜிபிஎஸ் கம்பை அவரே பிடித்துக்கொண்டார்.
குமிழி நடுவுக்கு வரும்வரை
மூச்சை அடக்கி நின்றார்.
"இப்ப மேல தெரியுறேனா?"
பதினான்கு செயற்கைக்கோளுக்குத் தெரிகிறீர்கள்.
"அதுங்ககிட்ட படகு இருக்கா?"

கோட்டை நகர்த்த எனக்கு அதிகாரமில்லை.
சவரிநாதனுக்கும் இல்லை.
மாதம் பன்னிரண்டாயிரம் வாங்கும் ஒப்பந்த ஊழியர்
ஒரு மாநிலத்தை ஏழு மீட்டர் தள்ள முடியாது.
கீற்றைக் கீற்றாகவே விட்டு
தனியொரு பலகோணமாய் மூடினேன்.
உரிமை: நிலுவையில்.
மூலம்: இரு தரப்பும்.
துல்லியம்: இரண்டு சென்டிமீட்டர்.
குறிப்பு: ஒரு வீடு, ஒரு ஆள், மூன்று ஆடு.
படகு எந்தக் கரையிலிருந்தும் வரலாம்.

டெல்லி சர்வர் திருப்பி அனுப்பியது.
வரிசை நாற்பத்தொன்று, செல்லாத உள்ளீடு.
ஆடுகளை எடுத்துவிட்டு அனுப்பினேன்.
செல்லாத உள்ளீடு.
வீட்டைக் கட்டிடம் என்று மாற்றினேன்.
செல்லாத உள்ளீடு.
போனில் சவரிநாதன்:
"ஆளை எடுத்துடாதம்மா."

சாத்தனூரில் இப்போது எத்தனை அடி என்று
யாரோ வராந்தாவில் கேட்கிறார்கள்.
ஆடுகளைத் திரும்பவும் சேர்த்து
அனுப்பியிருக்கிறேன்.
சக்கரம் சுற்றுகிறது.