பாதை என்பது

நான்காவது வரைவு.
முதலாம் தரப்பு என்றால் நாங்கள்:
களுவாஞ்சிகுடியில் ஒரு சுகாதாரப் பணிமனை,
ஒரு இறப்பர் முத்திரை,
வெள்ளிக்கிழமை மட்டும் கையில் அகப்படும் பணிப்பாளர்.
இரண்டாம் தரப்பு கொழும்பில் இருக்கிறது.
அவர்களிடம் மூன்று இயன்மருத்துவர்கள், ஒரு வான்,
சட்டத்தரணி அமலதாஸ்.

அமலதாஸ் தமிழ் வாசிப்பார்.
சிக்கலே அதுதான்.

பிரிவு ஏழில் எழுதியிருந்தேன்,
"பாதை ஓடாத நாளின் வருகை மறுநாள் இடம்பெறும்."
ஓரத்தில் சிவப்பில் கேட்டிருந்தார்:
பாதை எப்படி ஓடும்?

ஓடும் ஐயா.
குருமண்வெளியில் ஏறினால் மண்டூரில் இறக்கிவிடும்.
மோட்டார் சைக்கிள், உர மூட்டை, வெள்ளைச் சீருடைகள்,
ஒருநாள் ஒரு பிரேதப் பெட்டி, அதற்குப் பக்கத்தில்
மடியில் கலியாணக் கேக்கோடு ஒருத்தி,
எல்லோரையும் ஒரே தட்டில் நிற்கவைத்து
வாவியைக் கடக்கும்.
அதற்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பேர்.

பொருள்கோடலில் சேர்த்தேன்.
1.9: "பாதை என்பது நீரின் மேல் செல்வது."
கணக்குக் கிளை றிஸ்மியா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"படகெண்டு போடுங்களன்."
படகு என்றால் காப்புறுதி வேறு.
பாதை பாதையாகவே நின்றது.

பிரிவு பதினான்கு,
தரப்பினரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை:
யுத்தம், சூறாவளி, வெள்ளம், தொற்றுநோய்.
அவர்கள் யானையைச் சேர்த்தார்கள்.
நான் வெட்டினேன்.
எதிர்பாராதவற்றுக்கான பிரிவு அது.
படுவான்கரையில் யானை
கடைசி பஸ்ஸை விட நேரம் தவறாது.
திரும்பச் சேர்த்தார்கள். திரும்ப வெட்டினேன்.
ஒன்பது மின்னஞ்சலுக்குப் பிறகு உடன்பட்டோம்:
பிற்பகல் நான்கு மணிக்கு முன் வருகிற யானை
எதிர்பாராதது.

யுத்தம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
அவரும் சிவப்பு வைக்கவில்லை,
நானும் வைக்கவில்லை.

பிரிவு பதினாறு, கொடுப்பனவு.
ஒவ்வொரு வருகைக்கும் பயனாளியின் கையொப்பம்.
கையொப்பம் இல்லையேல் பணம் இல்லை.
இதை எழுதியவள் நானேதான்,
பழைய தண்ணீர் பவுசர் ஒப்பந்தத்திலிருந்து
அப்படியே இறக்கி.

பின்னிணைப்பு இரண்டில் நாற்பத்தொரு பயனாளிகள்.
பதினேழாவது வரிசை: ஜெயரூபன், வயது முப்பத்துநான்கு,
வெல்லாவெளி,
கட்டாரில் ஆறாம் மாடி, கழுத்தெலும்பு.
விலாசம் சரிபார்க்க அழைத்தேன்.
அம்மா போனை அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

"அக்கா, எனக்குக் கையொப்பம் வைக்க ஏலுமெண்டா
மறுகா உங்கட ஆக்கள் என்னத்துக்கு?"

பெருவிரல் அடையாளம்? என்றேன்.
"அது உள்ளுக்க மடங்கிக் கிடக்கு.
நிமித்திறதுக்குத்தானே அவங்க வாறாங்க."

அம்மா வைக்கலாமே என்றேன்.
அம்மா பகலெல்லாம் அரிசி ஆலையில்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு அவரே சொன்னார்,
"வான் வந்தா நாய் குலைக்கும்.
நாய் குலைச்சா பக்கத்து வளவு எட்டிப் பாக்கும்.
எங்கட வீட்டுக்கு ஆர் வந்தது, எப்ப போனது,
அவங்களுக்குத் தெரியாமப் போகாது."

போனை வைத்துவிட்டு 16.3ஐ அழித்தேன்.
றிஸ்மியா கேட்டாள், கணக்காய்வுக்கு என்ன சொல்லப் போறீங்க?
தெரியாது.
"பயனாளி அல்லது அயலவர் ஒருவரின் கையொப்பம்"
என்று தட்டினேன்.
முப்பத்திரண்டு பக்கத்தில்
தரப்பில்லாத ஒரு ஆள்
அங்கேதான் முதலில் தலை காட்டினார்,
நாய்ச் சத்தத்துக்கு வேலியால் எட்டிப் பார்த்தபடி.

ஐந்தாவது வரைவு நேற்றுத் திரும்பி வந்தது.
அந்தப் பிரிவில் ஒரே ஒரு சிவப்பு.
"அயலவர்: எத்தனை மீற்றருக்குள்?"

கூப்பிடுதூரம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.
இனி அதற்கும்
வரைவிலக்கணம் கேட்பார்.