நாற்பத்தொன்பது கிலோ

நுவரெலியாச் சந்தையில்
குளியலறைத் தராசு ஒன்று வாங்கினேன்.
மேலே வாத்துப் படம் போட்ட ரப்பர்.
வாவிக் கரையில் புல் தேய்ந்த இடத்தில்
பலகை ஒன்றைப் போட்டு
அதன்மேல் வைத்தேன்.
பக்கத்தில் சண்டே நிற்கிறாள்.

சண்டே என்பது நான் வைத்த பெயர்.
பந்தயத்தில் ஓடிய நாளில்
வேறேதோ பெயர் இருந்ததாம், காகிதத்தில்.
காகிதம் நனைந்துவிட்டது.

ஏப்ரல் சீசன் முடிந்த இரவு
சேணத்தைக் கழற்றி உள்ளங்கையை வைத்தேன்.
அடுப்புக்கல் சூடு.
கை பட்டதும் முதுகை உள்ளே இழுத்துக்கொண்டாள்,
கடன்காரன் கதவைத் தட்டும்போது
விளக்கை அணைப்போமே, அப்படி.

மிருக டொக்டர் குமுதுனி மிஸ்
ஐந்து விரலை விரித்து நாலை மடக்கினார்.
"ஐந்துல ஒண்டு. சேணமும் சேத்து.
அதுக்கு மேல பாவம்."

அவள் எடை தெரிய வேண்டுமே.
தேயிலை ஃபெக்டரியில் லொறி நிறுக்கும் இடத்தில்
காவல்காரருக்கு ஒரு போத்தல் கொடுத்து
நடுச்சாமத்தில் ஏற்றினோம்.
பனியில் அவள் மூச்சுதான் முதலில் தெரிந்தது,
பிறகு இலக்கம்.
இருநூற்றுத் தொண்ணூறு.
பழக்கதோஷத்தில் சீட்டும் அடித்துத் தந்தார்:
பச்சைக் கொழுந்து, தரம் இரண்டு.

ஐந்தில் ஒன்று ஐம்பத்தெட்டு.
சேணம், கம்பளி, அங்கவடி ஒன்பது.
மிச்சம் நாற்பத்தொன்பது.
நான் அறுபத்துமூன்று.
என் குதிரையில் எனக்கே இடமில்லை.

தராசைக் கண்டதும் சனம் சிரிக்கிறது.
சிலர் போட்டோ எடுக்கிறார்கள், தராசை.
குருநாகலிலிருந்து வந்த ஒருவர்
சப்பாத்தைக் கழற்றினார்.
பெல்ட், போன், மணிக்கூடு
எல்லாம் மனைவி கைக்குப் போயின.
தொண்ணூற்றொன்று.
மூச்சை வெளியே விட்டுப் பார்த்தார்.
தொண்ணூற்றொன்று.
"குதிரைதானே தம்பி, ஆட்டுக்குட்டியா?"

மகளை ஏற்றலாம் என்றேன்.
அவள் ஏற்கெனவே தராசில் நின்று
"இருபத்தாறு!" என்று
பரீட்சை மார்க்ஸ் போல உரக்க வாசித்தாள்.
அவர் அவளை இறக்கிக் கூட்டிப்போய்
ஃபலீலின் குதிரையில் ஏறினார்,
மகளையும் முன்னால் வைத்துக்கொண்டு.

ஃபலீலிடம் தராசு இல்லை.
நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள்.
திட்ட வாய் வரவில்லை.
குதிரையின் பின்னங்கால்களையே பார்த்திருந்தேன்.
ஒவ்வோர் அடியையும்
மண்ணிடம் கேட்டுக் கேட்டு வைத்தது.

அன்றைக்கு நாலு பிள்ளைகள்தான் ஏறினார்கள்.
லயத்துக்கு வந்து காசை மேசையில் வைத்தேன்.
கோகுலேஸ்வரி எண்ணவில்லை,
பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.
கதையைச் சொன்னேன், ஐந்தில் ஒன்றையும் சொன்னேன்.

அவள் காலில் அட்டை கடித்த இடத்தில்
சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.
"இன்னைக்கு ஒரே தூக்குல பத்தொம்பது.
சாக்குக்கு ஒண்ணு கழிச்சான், தண்ணிக்கு ரெண்டு.
சொமந்தது பத்தொம்பது, எழுதுனது பதினாறு."
பிறகு கேட்டாள்:
"நான் நாப்பத்தினாலு கிலோ.
எனக்கும் அந்த டொக்டர் கணக்கு உண்டா?"

வகுத்துப் பார்த்தேன், மனதுக்குள்.
எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே.
சொல்லவில்லை.
அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது,
இரண்டு பேரும் எழும்பவில்லை.

காலையில் வாவி தெரியவில்லை, பனி.
சுற்றுலா வேன் ஒன்றும் வரவில்லை இன்னும்.
பலகையருகில் யாரோ நிற்பது போல இருந்தது.
ஃபலீல்.
தன் சேணத்தை இரண்டு கையாலும் அணைத்தபடி
வாத்தின்மேல் ஏறி நின்றான்.
குனிந்து பார்த்தான்.
இறங்கினான், சேணத்தைப் புல்லில் வைத்தான்,
வெறுங்கையோடு திரும்ப ஏறினான்.
உதடு அசைந்தது.

"என்ட சேணம் மட்டும் பதினாலு," என்றான்
என் பக்கம் திரும்பாமல்.
"உன்டது ஒம்பதா?
எங்க வாங்கின?"