சோலைவரி

புத்தகத்தில் இந்த ஊருக்கு நீளமான பெயர்.
பஸ்ஸில் கொண்டக்டர் கத்துவது "பாலம, பாலம".
நாங்கள் இறங்குவது பாலம்.
ஒரு புள்ளிதான் வித்தியாசம்.
அந்தப் புள்ளிக்காக ஒரு வருஷம்
பெயர்ப்பலகையில் தார் பூசினார்கள்.
தார் காய்ந்து உரிந்தபோது
எழுத்தும் சேர்ந்து உரிந்தது.

கையில் அளவு நாடா, கக்கத்தில் புத்தகம்.
பிரதேச சபை எனக்குக் கொடுத்தது
ஆற்றின் ஒரு கரையை மட்டும்.

இலக்கம் ஒன்று, உவைஸ் நானாவின் ஹாட்வெயார்.
முகப்பு பதினெட்டு அடி.
ஆணி, கவ்வாத்துக் கத்தி, சவப்பெட்டிக் கைப்பிடி.
இலக்கம் இரண்டு, சுமணாவதியின் பேக்கரி.
விடிய நாலு மணிக்கு
ஊரில் முதலில் எரிவது அவள் போறணை.
மூன்று, அந்தோணிப்பிள்ளை சலூன்.
அவர் கண்ணாடிக்குள் ஆறு எதிர்த்திசையில் ஓடும்.
தலை குனிந்திருப்பவனுக்கு அது தெரியாது.

அரசமரத்துக்கு வரி கிடையாது.
அதனடியில் புத்தர், எதிரே பிள்ளையார்,
இருவருக்கும் விலக்கு.
நடுவில் வடை போடும் வண்டிக்கும்
சக்கரம் இருப்பதால் விலக்கு.

பதின்மூன்றுக்கு அடுத்தது பதினைந்து.
இடையில், எனக்கு முன்னிருந்தவர்
சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "ஆற்றில்".
எந்த வெள்ளம் என்று எழுதவில்லை.
கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்கிறார்கள்.
எல்லா வருஷமும் சரியாகத்தான் இருக்கும்.

பத்தொன்பது: "எரிந்தது".
எண்பத்து மூன்று, ஜூலை.
வரி நின்ற திகதிக்குக் கட்டம் இருக்கிறது.
எரித்தவர் பெயருக்குக் கட்டம் அச்சடிக்கவில்லை.
இப்போது அங்கே போன் திருத்துகிறான் ஒரு பையன்.
மழைக்காலத்தில் சுண்ணாம்பை மீறிக்
கரி கசிகிறது என்று
சுவரில் நடிகையின் படம் ஒட்டியிருக்கிறான்.

பாலத்தைப் போட்டது கம்பனி.
ஆள் கடக்க அல்ல,
தேயிலைப் பெட்டி கடக்க.
தூணில் வருஷம் இருக்கிறது.
தூணுக்காக ஆற்றில் இறங்கியவர்களின் தொகை இல்லை.
பெட்டிகளின் பின்னால் வந்ததுதான் ஊர்:
வண்டிமாட்டுக்குப் புல் விற்க ஒருவன்,
வண்டிக்காரனுக்குச் சாராயம் விற்க ஒருவன்,
குடித்தவனின் தோட்டை அடகு பிடிக்க ஒருவன்.
அந்த மூன்றாமவனுக்குத்தான்
முதலில் கல்வீடு.

பாலத்தின் நடுவில் என் எல்லை முடிகிறது.
அப்பால் மலைச்சரிவில் லயங்கள்.
அவை தோட்டம். சபைக்குச் சேராது.
வரியும் இல்லை, இலக்கமும் இல்லை.

அந்த நடுவில்தான் தங்கேஸ்வரி மறித்தாள்.
கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டாள்:
"நம்ம வீட்டையும் அளங்க சேர்."
"லயத்துக்கு வரி இல்லையே" என்றேன்,
நல்ல செய்தி சொல்பவன் போல.
"அதத்தான் கேக்குறேன்.
வரி போடுங்க. கட்டுறேன்."

மகளை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம்
பிரட்டுக்கள மேசையில் பதினொரு நாள் கிடந்ததாம்.
"அறுநூறு பேருக்கு ஒரே விலாசம் சேர்.
ஆறு கூட
எந்தக் கல்லுன்னு தெரிஞ்சுதான் முட்டுது."

நான் போயிருக்கக் கூடாது.
போனேன்.
நாடாவின் மறுமுனையை அவள் பிடித்தாள்.
பத்தடிக்குப் பன்னிரண்டடி.
உள்ளே இரண்டு கட்டில், ஒரு மேசை,
மேசைமேல் அந்தக் கடிதம்,
பறக்காமலிருக்க மேலே ஒரு படிக்கல்.

புத்தகத்தில் இடம் தேடினேன்.
பதினாலு காலியாக இருந்தது.
ஆறு எடுத்ததை
அக்கரையில் எழுதினேன், பென்சிலில்.
மேலதிகாரி கண்டால் அழிப்பார்.
அழித்தாலும் தாளில் பள்ளம் இருக்கும்,
அழுத்தித்தான் எழுதினேன்.

"எவ்வளவு?" என்று
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"ரசீதும் வேணும்" என்றாள்.